வால்வு கம்ப்யூட்டர் சூட்டினால்தான் ஒழிந்ததா?

கோத்தகிரிக்காரி | ஞாயிறு, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். செவ்வாய்க்கிழமை டெஸ்ட். முதல் தலைமுறை வால்வு (பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), இரண்டாவது டிரான்சிஸ்டர், மூன்றாவது ஐசி (பல டிரான்சிஸ்டர் அடங்கிய ஒரே சிப்), நான்காவது மைக்ரோபிராசசர் என்று ஒரு அட்டவணை. அதை மனப்பாடம் செய்துவிட்டாள், அதில் குறையில்லை. வால்வு ஏன் கைவிடப்பட்டது என்ற கேள்விக்கு "அதிக வெப்பம், அதிக மின்சாரம், அதிக இடம்" என்று நோட்டில் பதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, சூடுதான் பிரச்சினை என்றால் ஊட்டியில் கொண்டுவந்து வைத்திருக்கலாமே, ஹீட்டர் செலவும் மிச்சமாகியிருக்கும்" என்கிறாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் பதில் தெரியவில்லை. நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள், கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது பில் போடுவதும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இழுப்பதும்தான். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

லவ்டேல்_கோடு | ஞாயிறு, இரவு 9:05

உங்கள் பெண்ணுக்கு ஒரு சல்யூட் அக்கா. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எனியாக் என்ற வால்வு கம்ப்யூட்டரை 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வைத்து உலகத்துக்குக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 18,000 வால்வு, எடை 30 டன், தின்ற மின்சாரம் 150 கிலோவாட். இங்கே லாட்ஜில் வாடகைக்குத் தரும் ரூம் ஹீட்டர் 1,500 வாட் என்று வைத்துக்கொண்டால் அது நூறு ஹீட்டர். டிசம்பரில் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பெரிய லாட்ஜையே கதகதப்பாக வைத்திருக்கலாம்.

ஆனாலும் நோட்டில் இருப்பது சரிதான். சூடு, கரண்ட், இடம். டிரான்சிஸ்டர் வந்தது, மூன்றும் குறைந்தது. ஒரு வரியில் முடிகிற விஷயம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குன்னூர்_ரிலே | ஞாயிறு, இரவு 10:20

ஒரு வரியில் முடியாது தம்பி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி சாமான்களை வரிசையாக மாட்டி வைத்து, அதில் எது எப்போது மக்கர் செய்யும் என்று காவல் காத்ததுதான் என் வாழ்க்கை. அந்தக் கோணத்தில் சொல்கிறேன்.

முதலில், வால்வில் சூடு என்பது வேண்டாத உபரி இல்லை. உள்ளே இருக்கிற கேத்தோடு என்ற உலோகத் துண்டைச் சூடேற்றினால்தான் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். அடுப்பை அணைத்துவிட்டுச் சமைக்க முடியுமா? அதே கதை. அந்தச் சூடும் வெற்றிடத்துக்கு நடுவில், கண்ணாடிக்குள் இருக்கிறது. ஊட்டிக் குளிர் கண்ணாடியைத் தொடுமே தவிர உள்ளே போகாது. மிஞ்சிப்போனால் அறைக்கு ஃபேன் போடும் செலவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் பாப்பாவின் யோசனையில் லாபம்.

உண்மையான தலைவலி எண்ணிக்கை. ஒரு வால்வு சராசரியாக 10,000 மணி நேரம் உழைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு வருடத்துக்கும் மேல், நல்ல வால்வு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு ரேடியோவில் ஐந்து வால்வு, அதனால் கவலையே இல்லை. அதே நல்ல வால்வை 18,000 மாட்டினால்? 10,000-ஐ 18,000-ஆல் வகுங்கள். 33 நிமிடத்துக்கு ஒன்று சாகும். ஒன்று செத்தாலும் விடை தப்பு, அதுவும் எது செத்தது என்று தேட வேண்டும். எனியாக் கட்டும்போது பல பெரிய ஆட்கள் இது ஓடவே ஓடாது என்று சொன்னதற்குக் காரணம் இந்த வகுத்தல்தான்.

ஆனால் அது ஓடியது. பின்னாளில் அதைக் கட்டிய எக்கர்ட் சொன்ன கணக்கு, சுமார் இரண்டு நாளைக்கு ஒரு வால்வு. எப்படி என்றால் இரண்டு தந்திரம். ஒன்று, கேத்தோடைச் சூடேற்றும் ஃபிலமெண்டுக்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறைவாகவே கொடுத்தார்கள். இரண்டாவது, மெஷினை முடிந்தவரை அணைப்பதே இல்லை. குண்டு பல்பு எப்போது ஃபியூஸ் போகும்? எரிந்துகொண்டிருக்கும்போது போவது அபூர்வம், சுவிட்சைப் போட்ட நொடியில்தான் பட்டென்று போகும். ஆறிக்கிடக்கும் ஃபிலமெண்டில் ரெசிஸ்டன்ஸ் குறைவு, முதல் நொடியில் கரண்ட் பாய்ந்துவிடும். வால்வும் அதே ஜாதி.

இந்த விஷயத்தை அதற்கு முன்பே கண்டுகொண்டவர் எங்கள் துறைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. டாமி ஃபிளவர்ஸ், இங்கிலாந்து தபால் துறையின் டெலிபோன் இன்ஜினியர். ஜெர்மனியின் ரகசியச் செய்தியை உடைக்க 1,600 வால்வு வைத்து மெஷின் கட்டுகிறேன் என்றார். வால்வை நம்ப முடியாது என்று மேலே தயங்கினார்கள். அணைக்காமல் விட்டால் நம்பலாம் என்பது அவர் டெலிபோன் வேலையில் படித்த பாடம். கொலோசஸ் 1944 தொடக்கத்தில் வேலைக்கு வந்துவிட்டது, பேப்பர் டேப்பில் வினாடிக்கு 5,000 எழுத்து படித்தது. போர் முடிந்ததும் எல்லாம் ரகசியம் என்று வாயை மூடிவிட்டார்கள், 1970-கள் வரை வெளியில் யாருக்கும் தெரியாது. எனியாக்தான் முதல் என்று இத்தனை நாள் எல்லோரும் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொடை_ரேடியோ | ஞாயிறு, இரவு 11:15

குன்னூர் அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. அப்பா கொடைக்கானலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், நான் வால்வுக்கு நடுவில் வளர்ந்தவன். செட்டைப் போட்டால் அரை நிமிடம் சத்தமே வராது. முதலில் தூசி கருகும் வாசம் வரும், அப்புறம் பின்பக்க ஓட்டை வழியாக ஆரஞ்சு வெளிச்சம், அப்புறம்தான் பாட்டு. எங்கள் வீட்டுப் பூனை டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் ரேடியோ மேலேயேதான் குடியிருக்கும். இலங்கை வானொலி முடிந்து அப்பா அணைத்தால் அரை மணி நேரம் கழித்து இறங்கிப் போகும்.

பாப்பாவுக்கு வால்வு வேலை செய்யும் விதம் இப்படிச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சூடான கேத்தோடு, எதிர்ப்பக்கம் தகடு, நடுவில் ஒரு கம்பிச் சல்லடை. சல்லடைக்குக் கொஞ்சம் நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் எலக்ட்ரான் தாண்டாது. எடுத்துவிட்டால் தாண்டும். சின்ன வோல்டேஜால் பெரிய கரண்டைத் திறந்து மூடலாம். சல்லடை இல்லாதது டையோடு, 1904-ல் ஃபிளெமிங் செய்தது. சல்லடையை நுழைத்தவர் டி ஃபாரஸ்ட், 1906, அது டிரையோடு. ரேடியோவில் அந்தச் சல்லடையைப் பாதி திறப்பது, முக்கால் மூடுவது என்று நயமாக ஆட்டுவோம், அதனால் சத்தம் பெரிதாகும். கம்ப்யூட்டரில் முழுதாகத் திற, முழுதாக மூடு, அவ்வளவே. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் ரிலேயை, அதாவது மின்காந்தம் இழுத்துத் திறந்து மூடும் சுவிட்சை, விடப் பல நூறு மடங்கு வேகம்.

இன்னொரு விஷயம், சூட்டைப் பற்றி. டிரான்சிஸ்டர் வந்ததும் சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதுகிறார்கள் இல்லையா? கடைக்காரன் மகனாகச் சொல்கிறேன், நேர்மாறு. வால்வு சூட்டைப் பற்றி அலட்டிக்கொள்ளாது, அது பிறந்ததே சூட்டில். ஆரம்ப கால டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில் செய்தது, அதுதான் சூடு பட்டால் கரண்டை ஒழுகவிடும், ஒழுகினால் இன்னும் சூடாகும், இன்னும் ஒழுகும். மலையில் நன்றாகப் பாடிய பாக்கெட் ரேடியோ, வத்தலக்குண்டு வெயிலில் போய்க் கரகரக்கிறது என்று ஆட்கள் கொண்டுவருவார்கள். கடைக்கு வருவதற்குள் தானாகச் சரியாகியிருக்கும், அப்பா காசு வாங்க மாட்டார். அதனால் ஊட்டியில் வைத்திருந்தால் லாபம் வால்வு கம்ப்யூட்டருக்கு இல்லை, இரண்டாம் தலைமுறைக்குத்தான்! சிலிக்கான் டிரான்சிஸ்டர் 1954-ல் விற்பனைக்கு வந்து, மெதுவாக விலை இறங்கின பிறகுதான் இந்த ஒழுகல் தொல்லை அடங்கியது.

லவ்டேல்_கோடு | ஞாயிறு, இரவு 11:32

அந்தக் கடைசிப் பாரா எனக்குப் புதுசு. சரி, ஒரு வரியில் முடியும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

கோத்தகிரிக்காரி | திங்கள், காலை 6:10

இரவே படித்துக் காட்டினேன். பூனைக் கதைதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த கேள்வி ரெடியாக வந்துவிட்டது. நோட்டில் முதல் தலைமுறை 1956-ல் முடிகிறது, அதே வருடம் இரண்டாவது ஆரம்பிக்கிறது. அந்த வருடம் எல்லா ஊரிலும் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று கேட்கிறாள். சார்மார் யாராவது?

முத்தோரை_வாத்தியார் | திங்கள், காலை 9:45

நல்ல கேள்வி அம்மா. யாரும் கழற்றிப் போடவில்லை. நம் நாட்டுக் கதையை எடுத்துக்கொண்டாலே அட்டவணை ஆட்டம் கண்டுவிடும்.

எங்கள் ஊர் மலைச்சரிவில் ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கிறதே, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சரிவின் சாய்வும் இந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக, சுமார் 11 டிகிரியாக, அமைந்துவிட்டதால் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்கவைத்தார்கள். அதை 1970-ல் கட்டி முடித்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம்தான் அதற்குப் பத்து வருடம் முன்பு பம்பாயில் ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையால் கட்டியது. பெயர் டிஃப்ராக், நேரு வைத்த பெயர். 1960-ல் ஓட ஆரம்பித்தது. உள்ளே 2,700 வால்வு, 1,700 ஜெர்மானியம் டையோடு, 12,500 ரெசிஸ்டர். நோட்டுப்படி பார்த்தால் முதல் தலைமுறை முடிந்து நான்கு வருடம் கழித்துப் பிறந்த முதல் தலைமுறைக் குழந்தை. இதில் கேலிக்கு ஒன்றுமில்லை, கையில் கிடைத்த சாமானை வைத்து முதன்முறை கட்டினார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர்காரர்கள் 1953-லேயே டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டிவிட்டார்கள், ஆனால் அதற்குத் தாளம் போடும் கிளாக் மட்டும் வால்வில்தான் இருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அட்டவணை முழுக்கச் சுவிட்சைப் பற்றியே பேசுகிறது. வால்வு ஒரு சுவிட்ச், டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். கம்ப்யூட்டரின் பாதிக் கஷ்டம் அங்கே இல்லை, நினைவில் இருந்தது. எனியாக்கில் ஏன் 18,000 வால்வு? அது நம்மைப் போலப் பத்து இலக்க முறையில் கணக்குப் போட்டது. ஒரே ஒரு இலக்கத்தை, சும்மா ஒரு 7-ஐ, ஞாபகம் வைக்கப் பத்து ஃபிளிப்-ஃபிளாப், அதாவது எரியும் அல்லது அணையும் என்று இரண்டில் ஒரு நிலையில் நிற்கும் சர்க்யூட், வட்டமாக வைத்திருந்தார்கள், ஏழாவது மட்டும் எரிந்தால் 7. ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் இரண்டு டிரையோடு. மொத்தம் 20 எண், எண்ணுக்குப் பத்து இலக்கம். 200 இலக்கம், 2,000 ஃபிளிப்-ஃபிளாப். அத்தனை வால்வை எரித்து அது ஞாபகம் வைத்தது, நம் ரேஷன் கார்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடக்கூடிய இருபது எண்ணை.

மூன்று வருடம் கழித்து, 1949 மே மாதம், கேம்பிரிட்ஜில் எட்சாக். சுமார் 3,000 வால்வுதான். ஆனால் நூற்றுக்கணக்கான எண்களையும், என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளையும் சேர்த்தே உள்ளே வைத்துக்கொண்டது. எனியாக்குக்குக் கட்டளையை மாற்ற வேண்டுமானால் கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகி, சுவிட்சைத் திருப்பி, நாள்கணக்கில் மெனக்கெட வேண்டும். எட்சாக்குக்குப் பேப்பர் டேப் போட்டால் போதும். இரண்டும் ஒரே தலைமுறையாம்!

எட்சாக் எங்கே ஞாபகம் வைத்தது தெரியுமா? பாதரசத்தில். பாப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்து "ஓய்" என்று கத்துகிறாள், கொஞ்ச நேரத்தில் எதிரொலி வருகிறது. எதிரொலி காதில் விழுந்த அடுத்த நொடி அதே மாதிரி மறுபடி கத்துகிறாள். இப்படியே விடாமல் செய்தால் அந்த "ஓய்" மறைவதே இல்லை, பள்ளத்தாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு "ஓய்"க்குப் பதிலாக "ஓய்-ஓய்-மௌனம்-ஓய்" என்று கத்தினால் 1101 சுற்றுகிறது. கேம்பிரிட்ஜில் பள்ளத்தாக்குக்குப் பதில் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய் நிறையப் பாதரசம், ஒரு முனையில் குவார்ட்ஸ் படிகம் கத்தும், மறுமுனையில் இன்னொன்று கேட்கும். ஒலி அந்தக் குழாயைக் கடக்க வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாதரசத்தின் வெப்பநிலை கொஞ்சம் மாறினாலும் ஒலியின் வேகம் மாறித் தாளம் தப்பிவிடும், அதனால் குழாயைச் சீரான சூட்டில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் துறையின் முன்னோடி ஆலன் டூரிங், பாதரசத்துக்குப் பதில் ஜின் ஊற்றலாம் என்று சொன்னார், விளையாட்டுக்கா வினையாகவா என்பதை அவரவர் யூகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

லவ்டேல்_கோடு | திங்கள், மதியம் 1:20

எதிரொலி விளக்கம் அருமை சார், ஆனால் ஒரு ஆட்சேபணை. நினைவை வைத்துத் தலைமுறை பிரித்தால் அதுவும் ஒழுங்காகப் பிரியாது. பாதரசம், பிக்சர் டியூபில் புள்ளி வைத்த மான்செஸ்டர் பேபி, காந்த உருளை, காந்த வளையம் என்று பத்து வருடத்துக்குள் நாலைந்து வகை வந்து போயிருக்கிறது. அதற்குச் சுவிட்ச் அட்டவணையே தேவலாம். அப்புறம் முதல் கம்ப்யூட்டர் எது என்றும் முடிவு செய்துவிடுங்கள், 1941-ல் பெர்லினில் சூசே ரிலேயில் கட்டிய இசட்-3 இருக்கிறது. 1973-ல் அமெரிக்கக் கோர்ட் எனியாக் பேட்டண்ட் செல்லாது, அதற்கு முன்பே வேலை செய்த அடனாசாஃப் என்ற அமெரிக்கரின் வேலைதான் மூலம் என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

போகிற போக்கில் இன்னொன்று. ரிலேக்குள் விட்டில் பூச்சி மாட்டியதால்தான் புரோகிராம் தப்புக்குச் சொல்கிறோமே "பக்" (பூச்சி), அந்த வார்த்தையே வந்தது, அதையும் பாப்பாவுக்குச் சொல்லலாம்.

குன்னூர்_ரிலே | திங்கள், மாலை 4:50

முதல் யார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை, "முதல்" என்ற வார்த்தைக்கு முன்னால் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து நாலு பேருக்கும் பரிசு கொடுக்கலாம்.

பூச்சி விஷயம் பாதி உண்மை. 1947 செப்டம்பரில் ஹார்வர்ட் மார்க்-2 மெஷினில், அது வால்வு இல்லை, ரிலே மெஷின், விட்டில் அகப்பட்டது நிஜம். லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். ஆனால் நிஜமாகவே பூச்சி அகப்பட்ட முதல் சம்பவம் என்று பக்கத்தில் எழுதியதே, அந்த வார்த்தை முன்பே புழக்கத்தில் இருந்ததால்தான். எடிசன் 1870-களிலேயே அதை எழுதியிருக்கிறார்.

ஆனால் பூச்சி ரிலேயில் மாட்டும் என்பதற்கு நானே சாட்சி. மலையில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச், பெயர் வேண்டாம். மழை விட்ட ஒரு ராத்திரி, ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது, உள்ளே டியூப் லைட். காட்டில் இருக்கிற பூச்சி அத்தனையும் உள்ளே. விடிந்ததும் ஒரு வரிசை நம்பருக்கு டயல் டோனே இல்லை. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு காண்டாக்ட்டுக்கு நடுவில் ஒரே ஒரு சிறகு. முழுப் பூச்சி கூட இல்லை, வெங்காயத் தோலை விட மெல்லிய சிறகு. எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் துண்டை இரண்டு காண்டாக்ட்டுக்கும் நடுவில் வைத்து மூடி மெதுவாக இழுத்தேன், தாளில் கறுப்புக் கோடு. மறுபடி, மறுபடி, கோடு வராத வரைக்கும். அப்படி ஒரு காலைப்பொழுது முழுக்க. சூட்டை வெறுக்கிறவர்கள் ஒருநாள் அந்தச் சில்லிட்ட ரூமில் உட்கார்ந்து இதைச் செய்து பார்க்க வேண்டும்.

முத்தோரை_வாத்தியார் | திங்கள், மாலை 6:30

லவ்டேல் தம்பியின் ஆட்சேபணையை ஏற்கிறேன், நினைவும் ஒழுங்காகப் பிரியாது. ஆனால் காந்த வளையத்தை மட்டும் அப்படி வந்து போன சரக்காகத் தள்ளிவிட முடியாது. அது 1953-ல் எம்ஐடி வேர்ல்விண்ட் மெஷினில், அதாவது வால்வு மெஷினில், நுழைந்தது. டிரான்சிஸ்டர் காலம் முழுக்க இருந்தது, ஐசி காலத்திலும் பல வருடம் இருந்தது. மூன்று தலைமுறைக்கும் ஒரே பாட்டி.

கடுகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ஃபெரைட் வளையம். பவளமாலை கோர்ப்பதுபோல, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியில் கோர்த்து ஒரு வலை. வளையத்தின் காந்தம் வலஞ்சுழியா இடஞ்சுழியா, அதுதான் 0 அல்லது 1. திருப்புவதற்குத் தேவையான கரண்டில் பாதியை ஒரு நெடுக்குக் கம்பியிலும் மீதிப் பாதியை ஒரு குறுக்குக் கம்பியிலும் அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் திரும்பும், மற்றது எதுவும் அசையாது. படிக்கும்போது வேடிக்கை, படித்தாலே அழிந்துவிடும். உடனே திருப்பி எழுத வேண்டும். ஆனால் கரண்ட் போனாலும் ஞாபகம் போகாது, நம் மலையில் அந்தக் குணத்துக்குக் கோயில் கட்டலாம். டிஃப்ராக்கில் 2,048 சொல் (ஒரு எண் அடங்கும் இடத்துக்குச் சொல் என்று பெயர்), சொல்லுக்கு 40 பிட், பிட்டுக்கு ஒரு வளையம். பெருக்கினால் 81,920 வளையம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எழுபதுகளில் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்தேன், ஃபோர்ட்ரான் புரோகிராம் பஞ்ச் கார்டில்தான், அதாவது ஓட்டை போட்ட அட்டையில். கார்டுக்கு 80 பத்தி, ஒரு வரிக்கு ஒரு கார்டு, என் புராஜெக்ட் நானூறு சொச்சம் கார்டு. கட்டு கீழே விழுந்தால் வரிசை தெரிய மேல்விளிம்பில் சாய்வாக ஒரு மார்க்கர் கோடு போட்டிருந்தேன், அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கு அப்போது ஏகப் பெருமை. தீபாவளி லீவுக்கு அந்தக் கட்டை ஊருக்கு எடுத்து வந்தேன். பத்து நாள் மூடுபனி. திரும்பிப் போய் கார்டு ரீடரில் வைத்தால் மூன்றாவது கார்டிலேயே சிக்கிவிட்டது. ஈரத்தில் ஊறி அட்டை உப்பியிருக்கிறது. ஆபரேட்டர் ஒரு கார்டை முகர்ந்து பார்த்துவிட்டு "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். நானூறையும் மறுபடி பஞ்ச் செய்தேன். ஊட்டியில் கம்ப்யூட்டர் வைக்கலாமா என்ற பாப்பாவின் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

இந்துநகர்க்காரர் | திங்கள், இரவு 9:10

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான் ஃபிலிம் கம்பெனியில் இருந்தவன், எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை. ஆனால் டிரான்சிஸ்டரிலிருந்து ஐசிக்கு எப்படிப் போனார்கள் என்பதை இன்னும் யாரும் தொடவில்லை. அது எங்கள் தொழில், போட்டோத் தொழில்.

குன்னூர்க்காரர் சொன்ன எண்ணிக்கைக் கஷ்டம் டிரான்சிஸ்டர் வந்ததும் தீரவில்லை, இடம் மாறியது. சிடிசி 1604 என்று ஒரு மெஷின், 25,000 டிரான்சிஸ்டர், ஒரு லட்சம் டையோடு. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால், டையோடுக்கு இரண்டு. அதிலேயே 2,75,000 கால் ஆயிற்று, ரெசிஸ்டர் எல்லாம் தனி. ஒவ்வொன்றையும் ஒருவர் சால்டர் வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் சாகாது சரி, சால்டர் விட்டுப்போகுமே. இதற்கு மேல் பெரிய மெஷின் கட்டவே முடியாது என்று 1950-களின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

1958-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் ஜாக் கில்பி வேலைக்குப் புதுசு. ஜூலையில் எல்லோரும் மொத்தமாக லீவில் போக, இவருக்கு லீவு சேரவில்லை, லேபில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒரே துண்டிலேயே இருந்தால் என்ன என்று. செப்டம்பர் 12-ஆம் தேதி ஒரு ஜெர்மானியத் துண்டில் செய்து காட்டினார், ஆனால் மேலே தங்கக் கம்பிகளைக் கையால்தான் ஒட்டியிருந்தார். அதாவது சால்டர் கஷ்டம் பாதி அப்படியே இருந்தது. அதைத் தீர்த்தது ஃபேர்சைல்ட் கம்பெனி. ஹோர்னி என்பவர் சிலிக்கான் மேல் கண்ணாடி மாதிரி ஆக்சைடு படலத்தை அப்படியே விட்டுவைத்து வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அந்தப் படலத்தின் மேலேயே அலுமினியத்தால் கம்பியை வரைந்துவிடலாம் என்றார் நாய்ஸ், 1959. இதுதான் விஷயம். கம்பியை ஒட்டவில்லை, அச்சடித்தார்கள்.

எப்படி அச்சடித்தார்கள்? நாங்கள் ஃபிலிமில் பூசியது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின். அவர்கள் சிலிக்கான் தகட்டில் பூசுவது ஒளி பட்டால் குணம் மாறும் ஒரு பசை. நாங்கள் நெகட்டிவ் வைத்து வெளிச்சம் காட்டுவோம், அவர்கள் மாஸ்க் வைத்து. நாங்கள் டெவலப்பரில் கழுவுவோம், அவர்களும் கழுவுவார்கள், மாறிய இடம் போகும், மாறாத இடம் நிற்கும். திறந்த இடத்தை ஆசிட் அரிக்கும். பிரிண்டிங் தாளுக்கு எங்களுக்குச் சிவப்பு விளக்கு, ஃபிலிமுக்கு முழு இருட்டு. அவர்களுடைய பசைக்கு நீலமும் புற ஊதாவும்தான் ஆகாது, அதனால் அவர்கள் அறையில் மஞ்சள் விளக்கு. சிப் தொழிற்சாலைப் படங்களில் எல்லாமே மஞ்சளாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தூசி பயம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. எங்களுக்கு ஒரு தூசி என்றால் போட்டோவில் ஒரு புள்ளி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு மச்சம் கூடும். அவர்களுக்கு ஒரு தூசி என்றால் சிப்பே குப்பை.

போட்டோவில் ஒரு ஆளைப் பிடித்தாலும் நூறு ஆளைப் பிடித்தாலும் ஃபிலிம் செலவு ஒன்றுதான் இல்லையா? அதேதான் இங்கேயும். பத்து டிரான்சிஸ்டர் அச்சடிக்கும் அதே வெளிச்சத்தில் ஆயிரம் அச்சடிக்கலாம், சால்டர் கூடவில்லை. 1971 நவம்பரில் இன்டெல் 4004 மைக்ரோபிராசசர் வந்தபோது ஒரு நகத்தை விடச் சின்னச் சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர். மூன்றாவது, நான்காவது தலைமுறை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள், என் கண்ணுக்கு இரண்டும் ஒரே இருட்டறை வேலைதான்.

லவ்டேல்_கோடு | திங்கள், இரவு 9:40

ஐயா, இத்தனை நாள் இந்த இழைகளில் எழுதாமல் சும்மா படித்துக்கொண்டிருந்தீர்களா? தினமும் கோடு எழுதுகிறேன், அந்த மஞ்சள் விளக்குக்குக் காரணம் இன்றுதான் தெரிந்தது.

முத்தோரை_வாத்தியார் | திங்கள், இரவு 10:05

இந்துநகர் ஐயா சொன்னது எனக்கும் பாடம். கோத்தகிரி அம்மாவுக்கு ஒன்று மட்டும், நாளைய டெஸ்டில் நோட்டில் இருக்கிற மூன்று வரியையே எழுதச் சொல்லுங்கள். இதையெல்லாம் எழுதினால் திருத்துகிறவர் பாவம்.

கோத்தகிரிக்காரி | புதன், இரவு 8:15

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டெஸ்ட் முடிந்தது. மூன்று வரி எழுதிவிட்டு நாலாவதாக "சால்டர் இணைப்புகளின் எண்ணிக்கை" என்று சேர்த்திருக்கிறாள், மார்க் வந்ததும் சொல்கிறேன்.

மாமனார் காலத்து வால்வு ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது. கீழே இறக்கச் சொல்லி ஒரே அடம். கொடை அண்ணா, இதைக் கரண்டில் போடலாமா?

கொடை_ரேடியோ | புதன், இரவு 8:30

போடவே போடாதீர்கள் தங்கச்சி! இத்தனை வருடம் சும்மா கிடந்த செட்டில் கெப்பாசிட்டர் வெடிக்கும். பிளக்கே மாட்டாமல் பின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம், அதுவும் பெரியவர்கள் கூட இருந்து. ஓட்டிக்கொண்டிருந்த செட்டாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும், பன்னிரண்டு வயதில் அப்பா சொல் கேட்காமல் விரல் வைத்து, கடைப் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தவன் நான். உங்களுடையது வருடக்கணக்காகக் கிடந்தது, ஆனாலும் கண்ணால் மட்டும் பார்க்கட்டும்.

கோத்தகிரிக்காரி | புதன், இரவு 10:50

மூடியைக் கழற்றினோம், ஐந்து வால்வு இருக்கிறது, ஒன்றில் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தலைகீழாகத் திருப்பி வைத்து, டார்ச் வேண்டாம் என்று டேபிள் லேம்ப்பைப் பிடித்துக்கொண்டு, தொடாமல் ஒவ்வொரு சால்டர் புள்ளியாக எண்ணிக்கொண்டிருந்தாள். 163-ல் கரண்ட் போய்விட்டது. எந்த மூலையில் நிறுத்தினோம் என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை, நாளைக்கு முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கொடை_ரேடியோ | புதன், இரவு 11:02

வெள்ளையாகப் படிந்தது என்றால் அந்த வால்வுக்குள் காற்று போய்விட்டது, அது முடிந்தது. மற்ற நாலின் மேல் எழுதியிருக்கிற நம்பரை மட்டும் குறித்து அனுப்புங்கள்.